மரக்குளிசை

நவம்பர் 3
அடுப்பு வந்துவிட்டது. மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லெட்டைப் போட்டு எரிக்கிற அடுப்பு. பிரெஞ்சு பேசும் இந்த லொங்குய் நகரில் எங்கள் தெரு முழுக்கக் கரண்டில்தான் வீட்டைச் சூடாக்குகிறது. இனி நான் மட்டும் சுதந்திர மனிதன். என் மனைவி சிவநேசம் ஒரு பெல்லெட்டை விரலில் உருட்டிப் பார்த்தாள். "இதென்ன, மாட்டுக்குக் குடுக்கிற மருந்துக் குளிசை மாதிரிக் கிடக்கு?" முப்பது வருடத்தில் என் யோசனை ஒன்றுக்கு அவளிடம் கிடைத்த மிகப் பெரிய வரவேற்பு இது.

நவம்பர் 4
ஏன் வாங்கினேன் என்று எழுதிவைக்கிறேன், பிறகு மறந்துவிடுவேன். போன குளிர்காலத்து ஐஸ் மழையில், கம்பிகளில் ஐஸ் உறைந்து அறுந்து கரண்ட் போய் வீடு விறைத்தபோது, மூன்று நாள் ஆற்றுக்கு அக்கரை வில்லரேயில் நண்பன் ஞானேந்திரன் வீட்டில் படுத்தோம். நல்ல மனிதர்கள். ஆனால் திரும்பி வந்ததும் சிவநேசம் சொன்னாள்: "ஊரில சண்டை நேரம் எத்தினை தரம் பையைத் தூக்கினனான். இனி இன்னொருத்தற்ற வாசல்ல பையோட நிக்கமாட்டன்." சொன்னாளே தவிர, அன்று கொண்டுபோன நீலப் பையை இன்னும் அவிழ்க்கவில்லை. பாஸ்போர்ட், மருந்து, இரண்டு சேலை. கதவடியிலேயே கிடக்கிறது. அந்தப் பையை அவள் அவிழ்க்கவேண்டும் என்றுதான் அடுப்பு.

நவம்பர் 9
ஞானேந்திரன் வந்தான். "எதிர்காலம் பெல்லெட்தான்" என்று ஒரு மணித்தியாலம் பிரசங்கம் செய்தேன். மர ஆலைக் கழிவு, புகை குறைவு, விலை ஏறாது. (ஏறாது என்று யார் சொன்னது? நான்தான்.)
"இஞ்ச கரண்ட் மலிவு அண்ணை. ஆர் இனி மூட்டை சுமக்கிறது?"
"ஐஸ் மழை வரேக்க இஞ்ச வா, தெரியும்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

நவம்பர் 10
நல்ல நேரம் பார்த்து மூட்டினோம். கற்பூரம், தேங்காய், மஞ்சள் தண்ணீர். தண்ணீரை பெல்லெட் பெட்டிக்குள்ளும் தாராளமாகத் தெளித்த பக்தன் நான்தான். பெல்லெட் ஊதிப் புட்டு மாவாகி, உள்ளே தள்ளும் திருகாணி இறுகிவிட்டது.

நவம்பர் 12
திருத்துகிறவர் வந்தார். உள்ளே மஞ்சளாக இருக்கிறதே, என்ன என்று பிரெஞ்சில் கேட்டார். "வித்தமின்" என்றேன். குளிசைதானே.
வேலை தொடங்க முன் அடுப்புக்குப் பின்னால் கையை விட்டு வயரைப் பிடுங்கினார். வயரா? திருகாணி சுற்ற, காற்று ஊத, எல்லாவற்றுக்கும் கரண்ட் வேண்டுமாம். கரண்ட் போனால் அடுப்பும் அணைந்துவிடுமாம். கடைக்காரர் இதையும் சொல்லியிருப்பார். நான் பிரெஞ்சு பாதி விளங்காமல் "வி, வி" (ஓம், ஓம்) என்று தலையாட்டியிருப்பேன்.
கரண்ட் போற நாளுக்கெண்டு வாங்கின அடுப்புக்குக் கரண்ட் வேணும்! மடையா. இதை அவளிட்டை என்னெண்டு சொல்லுறது?

டிசம்பர் 1
சொல்லவில்லை.

டிசம்பர் 22
இன்னும் சொல்லவில்லை. "அடுப்புக்குக் குளிசை குடுத்தாச்சோ?" என்று தினமும் சிரித்தபடி கேட்கிறாள். திட்டினால்கூடத் தாங்கலாம்.

ஜனவரி 14
விடியற்காலையிலிருந்து ஐஸ் மழை. பத்து மணிக்குக் கரண்ட் போனது. அடுப்பு ஒருதரம் முனகிவிட்டு அடங்கியது. சிவநேசம் அடுப்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நீலப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். வெட்கத்தில் செத்துப்போனேன்.
ஒரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். ஞானேந்திரனும் மனைவி அஜிதாவும், கைகளில் பைகள். வில்லரேயிலும் கரண்ட் இல்லை. "அண்ணை, ஐஸ் மழை வரேக்க வா எண்டனீங்களெல்லே!"
அடுப்பைக் காட்டினேன். அதுவும் அணைந்து கிடந்தது. சிவநேசம் பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "ஏன் வாசல்ல நிக்கிறியள்? உள்ளுக்க வாங்கோ."
ஞானேந்திரன் டெலிவரி வான் ஓட்டுகிறவன். தேத்தண்ணி கொதிக்க வைக்க, வான் பற்றறியிலிருந்து வீட்டுக் கரண்ட் எடுக்கிற ஒரு இன்வெர்ட்டர் வைத்திருக்கிறான். ஜன்னலால் வயர் இழுத்தோம். அடுப்பு பற்றியது. மரம் எரியக் கரண்ட், கரண்டுக்கு வான், வானுக்குப் பெற்றோல். இதுதான் எதிர்காலம் என்று அறிவித்தேன். முதலில் சிரித்தது சிவநேசம்.

ஜனவரி 17
கரண்ட் வந்தது. "கரைச்சல் குடுத்திட்டம் அக்கா" என்றாள் அஜிதா. சிவநேசம் புட்டுப் பார்சல் கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

ஜனவரி 19
காலையில் சிவநேசம் பின் கொட்டிலிலிருந்து பெல்லெட் அள்ளிக்கொண்டு வந்தாள். நீலப் பையில்.
பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டேன்.
"அலுமாரிக்குள்ள. தள்ளுங்கோ, குளிசைக்கு நேரமாச்சு."