மதினி எழுதிய கடைசி வரி

என் பிரியமான மதினிக்கு,

நீங்கள் இருந்தவரை நான் உங்களுக்கு ஒரு கடிதம்கூடப் போட்டதில்லை. பதில் வராது என்று தெரிந்த பிறகு எழுதுகிறேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை, மதினி.

மருந்துச் சீட்டுகளின் பின்பக்கம் நீங்கள் எழுதிவைத்த பாட்டுகளை, காரியம் முடிந்த பிறகு அண்ணன் இங்கே பழனிக்கு எடுத்துவந்து என்னிடம் கொடுத்தான். பெரும்பாறை காப்பித் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸுக்குள் இத்தனை கோபமா என்று மலைத்துப்போனேன். நாலு பாட்டுக்கு மெட்டுப் போட்டிருக்கிறேன். வருகிற ஞாயிறு பெரும்பாறையில் கச்சேரி, அடுத்த வாரம் நீங்கள் படித்த கொடைக்கானல் பள்ளிக்கூட ஹாலில், பிறகு இங்கே பழனியில். சாமி பாட்டுப் பாடுகிறவளுக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கேட்கட்டும். என் சாமி பாட்டுக்குக் கொட்டாவி விட்டவர்தானே நீங்களும்.

குழப்பம் அதில் இல்லை. போன வாரம் ஒத்திகைக்குப் பெரும்பாறை போனேன். காப்பிப் பழம் பறித்துவிட்டு வந்த பெண்கள் உட்கார்ந்து கேட்டார்கள். 'தலையில் சாக்கு நனைந்தது, சேலை நனைந்தது' என்ற உங்கள் வரியை எடுத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப விதவிதமாகப் பாடி நிரவல் செய்தேன். நன்றாகவே பாடினேன், பொய் சொல்வானேன். முடித்ததும் கருப்பாயி எழுந்தாள். நீங்கள் பிரசவம் பார்த்தீர்களே, அவள்தான்.

"நாங்க நனைஞ்சதையே இத்தன வாட்டி பாடுறீங்க. நர்சம்மா எங்களுக்குப் படிச்சுக் காட்டுன கடைசி வரிய ஏம்மா விட்டீங்க?"

'நாளையும் மழையென்றால் காட்டில் இறங்கோம்.' மழையில் வேலைக்கு வரமாட்டோம் என்கிற அந்த வரிதான். அது தாளத்துக்கு அடங்கவில்லை என்றேன். அவள் விடவில்லை.

"தாளத்தக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கிற முடியாதாம்மா?"

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பார்த்தேன். தாளம் விழுந்த பிறகு அரை இடம் தள்ளி எடுத்தால் வரி ஒழுங்காக வந்து உட்காருகிறது. இருபது வருஷமாகப் பாடுகிறவளுக்கு இது தெரியாதா? அப்படியானால் ஏன் விட்டேன்?

ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் தோட்டத்து முதலாளி உட்காருவார். அவரிடம்தான் அண்ணன் ஸ்டோர் கிளார்க். அந்த வேலை போனால், நீங்கள் வாழ்ந்த தோட்டத்து வீடும் போய்விடும். அவனுக்காகப் பயந்தேனா, இனிமேல் ரேடியோவுக்கும் கச்சேரிக்கும் என்னை யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று பயந்தேனா? எவ்வளவு யோசித்தும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

நேற்று அண்ணன் வந்திருந்தபோது, அந்த வரியைப் பாடட்டுமா என்று அவனிடமே கேட்டுவிட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "அவ எழுதுனத வெட்டுறதுக்கு நீ யாரு, நான் யாரு?" பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான். அது சம்மதமா, கோபமா? அவனோடு பதினோரு வருஷம் குடித்தனம் செய்தவர் நீங்கள், சொல்லுங்களேன்.

இன்னமும் தெளியவில்லை, மதினி. பாடும்போது குரல் நடுங்கினால் அது பயமா, உங்கள் நினைவா என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் கருப்பாயி எதிரே உட்கார்ந்திருக்கும்போது அந்த வரியை விழுங்கிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போக எனக்கு மனசு வராது.

ஞாயிறன்று நிரவலும் அந்த வரிக்குத்தான். முதலாளி எழுந்து போகும்வரை பாடுவேன். போகாவிட்டால் இன்னும் பாடுவேன்.

உங்களோடு கடைசிவரை சண்டை போட்ட நாத்தனார்,
சிவகாமி