படித்துப் பார்க்காத டேப்

கிள்ளானில் உன் வீட்டுக்குப் போய்விட்டுக் கொமுட்டர் ரயிலில் திரும்பிக்கொண்டிருக்கிறேன். மடியில் கைப்பை, பைக்குள் ஒரு பேக்கப் டேப். வண்டி குலுங்கும்போதெல்லாம் அது சாப்பாட்டு டப்பாவில் இடித்து டொக் டொக்கென்கிறது. அந்தச் சத்தம் தாங்காமல்தான் உனக்கு எழுதுகிறேன்.

போர்ட் கிள்ளான் கிடங்கு அலுவலகத்தில் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். சர்வரில் இருப்பதையெல்லாம் வாரம் ஒருமுறை டேப்பில் ஏற்றுவது நம் வேலை. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு ஆட்கள் போகும் இடைவேளையில்தான் சிஸ்டம் ஓய்ந்திருக்கும். பன்னிரண்டரைக்குத் தொடங்கினால் ஐந்து மணிக்கும் ஓடிக்கொண்டிருக்கும். அது முடியும்வரை சரக்கு ஏற்ற முடியாமல் வெளியே லோரிகள் வரிசையில் நிற்கும். "ரெண்டரைக்குள்ள முடிங்க லா, இல்லன்னா நீங்களே போய் டிரைவருங்ககிட்ட பேசுங்க," என்று பாஸ் கத்துவார்.

நீதான் டேப் டிரைவில் காதை வைத்துக் கேட்டாய். "ஓடுது, நிக்குது, பின்னால போகுது, மறுபடி ஓடுது. நாம குடுக்குற வேகம் அதுக்குப் பத்தலடி," என்றாய். சின்னச் சின்னக் கோப்புகளைக் காலையிலிருந்தே அதே சர்வரின் இன்னொரு டிஸ்கில் சேர்த்துவைத்து, ஒரே மூச்சில் டேப்புக்கு அனுப்பினாய். ஒரு மணி நேரத்தில் ஏறிவிட்டது! நாம் இருவரும் கையைத் தட்டிக்கொண்டோம்.

ஆனால் எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்க இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும். அதை விட்டுவிடலாம் என்று நான் சொன்னபோது உனக்கு வந்த கோபம்! "படிச்சுப் பாக்காத டேப்ப எங்கிட்ட காட்டாத." படித்து முடித்தபின் லேபிளில் கோணல் எழுத்தில் 'படிச்சாச்சு' என்று எழுதினால்தான் உனக்கு மதியச் சோறு இறங்கும்.

மார்பில் கட்டி என்று தெரிந்து நீ லீவு போட்டாய். கடைசியாக வேலைக்கு வந்த வியாழக்கிழமை, நான் தடுமாறக்கூடாதென்று செய்முறை எல்லாவற்றையும் உன் குரலிலேயே பேசிப் பதிந்து சர்வரில் வைத்தாய். நான் அதைத் திறக்கவேயில்லை. எல்லாம் தெரியும் என்ற திமிர்.

மறுநாள் வெள்ளி. முதல்முறையாக நான் தனியாக. சரிபார்ப்பதை நிறுத்தினேன். இரண்டு மணிக்கு முன்பே முடிந்தது. பாஸ் பிரியாணி வாங்கித் தந்தார், வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். மாலையில் நீ போனில், "படிச்சுப் பாத்தியா?" என்றாய். "பாத்தேன் லா," என்றேன். அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அப்படியேதான்.

மூன்று மாதத்தில் நீ போய்விட்டாய். போன மாதம் சர்வர் டிஸ்குகள் மொத்தமாகப் படுத்துவிட்டன. டேப்பைப் போட்டால் படிக்கவில்லை. டிரைவில் எழுதும் தலையில் நான் ஏற்றிய முதல் நாளிலிருந்தே அழுக்காம். நீ இருந்தவரை எழுதிய டேப்புகள் நன்றாக ஓடுகின்றன, அவற்றில் உன் குரல் இல்லை. நான் எழுதியவற்றில் ஒன்றுகூட ஓடவில்லை. கிடங்குக் கணக்கை டிரைவர்களின் காகிதங்களைப் பார்த்து மறுபடி ஏற்றிவிட்டோம். உன் குரலை எதைப் பார்த்து ஏற்றுவது?

போன வாரம் உன் மகள் கூப்பிட்டாள். "ஆன்டி, அம்மா ஆபீஸ்ல ஏதோ பேசி வச்சேன்னு சொன்னாங்க. அது கிடைக்குமா? என் போன்ல அவங்க குரல் ஒண்ணுகூட இல்ல."

இப்போது மூன்று மணியானாலும் படித்துப் பார்க்கிறேன். பாஸ் கத்தட்டும். இதனால் என்ன ஆகப்போகிறது, சொல்?

இன்று அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நான் சொன்ன பொய்யையும். அழுதாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அம்மா குரல் இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது, நீயே வைத்துக்கொள் என்று அந்த முதல் வெள்ளிக்கிழமை டேப்பை நீட்டினேன். லேபிளைத் தடவிப் பார்த்தாள்.

"இது அம்மா எழுத்துகூட இல்லையே, ஆன்டி," என்று சொல்லி என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.