தோணிப் பசையால் ஒட்டிய பல்

என் பாசமுள்ள அண்ணனுக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒன்றும் இல்லை. நேற்றுக் காலை பல் வைத்தியர் வாய் முழுவதும் விளக்கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். புளியந்தீவிலிருந்து திரும்பும்போது பாலத்தில் சைக்கிளை நிறுத்தி, ஆட்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அழுதேன். ஐம்பத்தெட்டு வயதில். நீங்கள் இருந்திருந்தால் ஒரு வருடத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள்.

நீங்கள் போன பிறகு என் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு வேர் வைத்தியம் செய்து, மேலே கிரவுன் போட்டார்கள். பல்லின் நிறத்திலேயே ஒரு மூடி. ஒட்டிப் பிடிக்கிற பண்டம் எதையும் அந்தப் பக்கம் கடிக்க வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நான் கேட்கிற ஆளா? தோணியைத் திருத்தக் கொடுத்திருந்த காத்தான்குடிக்காரர் பெருநாளுக்குத் தொதல் கொண்டுவந்தார். இரண்டாவது துண்டோடு கிரவுன் கையில் வந்துவிட்டது.

அடுத்து நான் செய்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். முப்பது வருடமாகப் பைபர் தோணிகளின் வெடிப்பையெல்லாம் அடைக்கிறவர்கள் நாம். ஒரு பல்லுக்காக வைத்தியரிடம் போவதா? நம் பட்டறையில் கிடந்த பசையில் ஒரு சொட்டு விட்டு, கண்ணாடியைப் பார்த்து நானே ஒட்டினேன். கொஞ்சம் சரிந்துதான் உட்கார்ந்தது. ஆனால் நம் பசை பிடித்தால் விடுமா?

ஒரு மாதத்தில் கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு புண் வந்தது. உங்களைக் கொண்டுபோன புற்று வந்த அதே பக்கம், அதே இடம்.

பயந்துவிட்டேன், அண்ணன். வீட்டில் மூச்சு விடவில்லை. சோற்றைக் குழைத்துக் குழைத்து விழுங்கினேன். நான் நண்டுக் கறியை ஒதுக்கியதைக் கண்டுதான் என் வீட்டுக்காரிக்குச் சந்தேகம் வந்தது. கேட்டுக் கேட்டு விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"வாயப் பொத்திக்கிட்டுச் சாகப் போறீங்களா? எழும்புங்க, போவம்," என்றாள்.

பல் வைத்தியர் ஏறாவூர்ப் பிள்ளை, என் மகள் வயதுதான் இருக்கும். நான் ஒட்டியதைக் கழற்றுவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. "ஐயா, இது தோணி இல்ல, வாய்," என்றார். சரிந்த கிரவுனின் விளிம்புதான் கன்னத்தை உரசியிருக்கிறது. அடியில் பல்லும் பழுதாகத் தொடங்கியிருந்தது. துப்புரவாக்கி, நேராக வைத்து ஒட்டித் தந்தார். புண்ணைப் பற்றி மட்டும் வாக்குத் தரவில்லை. இரண்டு கிழமையில், பதினாலு நாளுக்குள், ஆறாவிட்டால் ஒரு துளி வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

அந்த இரண்டு கிழமையும் நான் மாமாங்கப் பிள்ளையாரை விடவில்லை. புண் நாளுக்கு நாள் சுருங்கி, நேற்றுப் போனபோது அடையாளமே இல்லை.

இப்போது நான் நல்ல பிள்ளை. பல்லும் முரசும் சேரும் ஓரமாக மெதுவாகத் தேய்க்கிறேன். பல்லிடுக்கில் நூல் விட்டு இழுக்கிறேன். நண்டுக் காலைப் பல்லால் உடைப்பதில்லை, குழவியால்தான். கிரவுன் இனிக் கழன்றால் ஒரு டப்பாவில் போட்டு நேரே வைத்தியரிடம் கொண்டுபோவேன். கழலாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் வாயைக் காட்ட வேண்டுமாம்.

இவ்வளவு நிம்மதியிலும் ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்லியாக வேண்டும். "தம்பி, கன்னத்துக்குள்ள ஒரு புண் ஆறுதில்ல," என்று ஒருநாள் பட்டறையில் சொன்னீர்கள். நான் வேலையிலிருந்து தலையைத் தூக்காமலே, "வெற்றிலைச் சுண்ணாம்பு சுட்டிருக்கும், ஆறிடும்," என்றேன். அப்படியே அரை வருடம் போனது. இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண்ணைக் காட்டியே ஆக வேண்டும் என்பது அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தலையைத் தூக்கியிருப்பேனா, அண்ணன்?

வீட்டில் உங்களோடு சேர்ந்து வெற்றிலை போட்ட மச்சாள், நீங்கள் போன பிறகும் அதை விடவில்லை. வருகிற திங்கட்கிழமை அவரைப் பல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். வரமாட்டேன் என்றுதான் சொல்வார். வரும்வரை வாசலை விட்டு அசையமாட்டேன். வாயைத் திறந்து காட்டுங்கள் என்று உங்களிடம் நான் ஒருநாளும் கேட்கவில்லை. அவரிடம் கேட்பேன், இது சத்தியம்.

உங்கள் ஒரே தம்பி