தளபதி ஏன் சாகவில்லை?

என் வீட்டு எழுத்தாளருக்கு,

உங்கள் போர்க்கதையின் மூன்றாம் பாகம் தபாலில் வந்தது. மகளின் பிரசவத்துக்காக நான் வந்த இடத்தில், பேத்தியை மடியில் போட்டுக்கொண்டே கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டேன். போனில் கேட்டால் மழுப்புவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் பாகத்தில் அந்தப் படைச் சமையல்காரனைக் கொல்லாதீர்கள் என்று உங்கள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "போர்னா நாலு பேரு சாகத்தான்டி செய்வாங்க" என்றீர்கள். இரண்டாம் பாகத்தில் பறக்கும் குதிரைப்படையையே எரித்தீர்கள். இப்போது கடைசி முற்றுகையில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. இறக்கை முறிந்த குதிரைகூட லாயம் திரும்புகிறது. தளபதி வீட்டுக்கு வந்து, மனைவி கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார்.

"அப்பா நல்லாத்தானேம்மா முடிச்சிருக்காரு?" என்கிறாள் மகள்.

எனக்குச் சரியாகப் படவில்லை. உங்களுக்குத் திடீரென்று எங்கிருந்து வந்தது இந்த இரக்கம்? பல்வலி என்று வாராவாரம் டாக்டரிடம் போகிறீர்கள். இன்னும் ஒரு பல்லையும் பிடுங்கியபாடில்லை. அடுத்து என்ன எழுதப்போகிறீர்கள் என்று கேட்டால் பேத்தியைப் பற்றி விசாரிக்கிறீர்கள்.

தளபதியை வேண்டுமானால் கொன்றுவிடுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். டாக்டர் என்ன சொன்னார் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் முதல் வாசகி