என் பேரில் இரண்டு சீட்

ஆரம்பாக்கம்
3 பிப்ரவரி 2025

என் தங்கமே பூமிகா,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். பாப்பா ராத்திரியில் அழுகிறாளா? உனக்காக இடித்து வைத்த பூண்டுப் பொடி சமையலறை மேல்தட்டில் இருக்கிறது, தினமும் சாப்பிடு. போன் செய்யலாம் என்றால் நான் பேசுவது எனக்கே இரண்டு முறை கேட்கிறது. கடையில் காட்டினேன், கோளாறு ஒன்றும் இல்லை என்கிறான். அதனால்தான் கடிதம்.

மஸ்கட் விமான நிலையத்தில் நீயும் மாப்பிள்ளையும் கையசைத்துவிட்டுப் போன பிறகு ஒன்று நடந்தது. கோபப்படாதே. கவுன்ட்டரில் இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மேடம், உங்க உடம்புக்கு ஒரு சீட் பத்தாது. பக்கத்துல உட்கார்றவங்களுக்கும் இடம் வேணும் இல்லையா? இன்னொரு சீட் வாங்கினாதான் ஏத்த முடியும். இது ரூல்" என்றாள். வரிசையே கேட்டுக்கொண்டிருந்தது. கையில் இருந்ததைக் கொடுத்து வாங்கினேன். "இனி ரெண்டும் உங்க சீட்தான். நீங்களா இடம் கொடுத்தாலொழிய யாரும் உட்கார முடியாது" என்று சிரித்தாள்.

விமானத்தில் விளக்கை அணைத்த பிறகு யாரோ என் முழங்கையைத் தொட்டார்கள். ஒல்லியாக ஒரு பெண், பச்சைப் புடவை. "டிக்கெட் இல்லக்கா. நின்னுக்கினே வரேன். கொஞ்சம் ஒக்காரட்டா?" என்றாள். அப்படியே நம் பக்கத்துப் பேச்சு. டிக்கெட் இல்லாமல் விமானத்தில் எப்படி ஏறினாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எல்லோரும் முகம் சுளித்து என்னை ஒதுங்கச் சொல்லித்தான் பழக்கம். தயவாகக் கேட்டவள் இவள் ஒருத்திதான். கைப்பிடியைத் தூக்கிவிட்டு, "ஒக்காரு" என்றேன். வழியெல்லாம் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். உடம்பு அப்படிச் சில்லென்று இருந்தது.

சென்னையில் விளக்கைப் போட்டதும் ஆளைக் காணோம். அந்த சீட் காலியாகத்தான் வந்தது என்கிறாள் பணிப்பெண். கனவோ என்னவோ.

பாப்பாவுக்கு முத்தம்.

உன் அக்கா
சந்திரகலா


மஸ்கட்
17 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

படித்துவிட்டு அழுதேன். கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருக்க மாட்டேனா? டிக்கெட் விற்கும்போது சொல்லாமல், ஊர் பார்க்கக் கவுன்ட்டரில் வைத்துச் சொன்னது அநியாயம் என்று அவர் விமானக் கம்பெனிக்குப் புகார் எழுதியிருக்கிறார்.

பச்சைப் புடவை வெறும் கனவுதான். என் பிரசவத்துக்கு வந்து நீ எங்கே தூங்கினாய்? கேன்டீன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நன்றாகத் தூங்கு. பாப்பாவுக்கு அசல் உன் மூக்கு.

பூமிகா


ஆரம்பாக்கம்
10 மார்ச் 2025

கண்ணு பூமி,

கனவு இல்லை.

கும்மிடிப்பூண்டிக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், உனக்குத் தெரியும். போன வாரம் டிரைவர் ஆதிகேசவன் கண்ணாடியில் பார்த்து, "இன்னாக்கா, கூட ஒரு அம்மாவ இட்டுக்கினு வந்துக்கீற? அவங்களுக்கு ஐ.டி. கார்டு கீதா?" என்றார். திரும்பினேன். பச்சைப் புடவை.

நான் உட்கார்ந்தால் வருகிறாள். படுத்தால் வருகிறாள். எழுந்து நின்றால் இல்லை. ஒரு தொந்தரவும் கிடையாது. "இன்னும் கொஞ்சம் தள்ளுக்கா" என்பாள், அவ்வளவுதான். நானும் தள்ளுகிறேன். ஜாக்கெட்டெல்லாம் தொளதொளத்துப் போய்விட்டது. "இன்னா டயட்டுக்கா?" என்று கேன்டீனில் பெண்கள் கேட்கிறார்கள். சாப்பாட்டில் குறை வைக்கவில்லை பூமி. அவள் நெருங்க நெருங்க நான் குறைகிறேன்.

பயமாக இல்லை. பாவமாகத்தான் இருக்கிறது.

அக்கா


மஸ்கட்
24 மார்ச் 2025

அக்கா,

பக்கத்து வீட்டு மோனிகாவை உன்னைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பாதி ஆளாக நிற்கிறாய்.

அவள் யாராக இருந்தாலும் எழுந்து போகச் சொல். ரயிலில் என்னை உட்கார வைத்துவிட்டு நீ கதவோரம் நின்றுகொண்டே வருவாய். கல்யாணப் பந்தியில் இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொள்வேன் என்று எல்லோரும் எழுந்த பிறகு சாப்பிடுவாய். போதும் அக்கா. ஒரே ஒரு தடவை, இது என் இடம் என்று சொல். சொல்லிவிட்டு இங்கே வந்துவிடு. நாங்கள் டிக்கெட் போடுகிறோம். எத்தனை சீட் வேண்டுமானாலும் போடுகிறோம்.

உன் பூமி


7 ஏப்ரல் 2025

கண்ணே,

கேன்டீனில் காய் நறுக்குகிற மேடை மேல் தாளை வைத்து, நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்கார்ந்தால் அவள் படித்துவிடுவாள். நல்லவேளை, உன் கடிதத்தையும் வாசலில் நின்றபடியே படித்தேன்.

நீ சொன்னபடி சொன்னேன். நேற்று சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்ததும் வந்தாள். "இது என் எடம். எழுந்து போ" என்றேன். இந்த வயதில் முதல் தடவை. என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

அவள் கோபப்படவில்லை. உடனே எழுந்தாள். கதவுவரை போய் நின்று, "செரிக்கா, போறேன். ஒனக்குன்னு யாருனா கீறாங்களா? அவங்க ஊட்டாண்ட போய் ஒண்டிக்கிறேன்" என்றாள்.

உங்கள் கட்டிலில், உங்களுக்கு நடுவில் படுத்திருக்கிற பாப்பா என் கண் முன்னால் வந்தாள்.

"யாரும் இல்ல" என்றேன்.

"கூடப் பொறந்தவங்க?"

"இல்ல."

என் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். நம்பினாளா இல்லையா, தெரியவில்லை. திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்த முறை அவள் சொல்வதற்கு முன்னால் நானே தள்ளிக்கொண்டேன்.

ஆகையால் டிக்கெட் வேண்டாம். இனி எழுதாதே, போனும் செய்யாதே. உன் கடிதங்களையும் பாப்பா போட்டோவையும் அடுப்பில் போட்டுவிட்டேன். மோனிகா கேட்டால்கூட எனக்குத் தங்கை கிடையாது என்றுதான் சொல்வேன். என் மேல் கோபம் வைத்துக்கொள்ளாதே. பாப்பா கையைக் காலை நீட்டி, தாராளமாகத் தூங்கட்டும். யாருக்காகவும் ஒடுங்கிக்கொள்ள அவளைப் பழக்காதே.

ஷிப்ட் முடிந்துவிட்டது. பஸ் ஹாரன் அடிக்கிறது. போய் உட்கார வேண்டும்.