ஆல்டனின் கோட்டுத் துண்டு

பாஸ்டன், பிப்ரவரி 1885

அன்புள்ள அம்மாவுக்கு, உங்கள் மகள் ஹல்டா வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா?

எஜமானி வின்ஸ்லோ அம்மாள் பட்டு, வெல்வெட் துண்டுகளைக் கொடுத்து ஒட்டுப்போர்வை தைக்கச் சொன்னார். நான் சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கினேன்.

“அடியே, இது என்ன சதுரங்கப் பலகையா? ஒண்ணுக்கொண்ணு கோணலா இருந்தாத்தான்டி அழகு!” என்று சிரித்தார்.

பிறகு ஒரு சாம்பல் நிறத் துண்டை நீட்டினார். கடலில் இறந்துபோன அவர் மகன் ஆல்டனின் கல்யாணக் கோட்டிலிருந்து வெட்டியது. “என் கண்ணுல படாம எங்கயாவது வச்சுத் தைச்சிடு” என்றார். ஓரத்தில் வைத்து, மேலே நெருக்கமாகப் பூவேலை செய்து மறைத்தேன்.

நேற்று போர்வை முடிந்தது. எஜமானி அதை மடியில் விரித்து, அந்தத் துண்டைத் தடவித் தடவித் தேடினார்.

“எங்கடி வச்ச?”

நான் வாயைத் திறந்ததும், “வேணாம், சொல்லாத” என்று அழுதார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் அவர் கையைப் பிடித்து அந்த ஓரத்தில் வைத்துவிட்டேன். அவர் கையை எடுக்கவே இல்லை. நான் செய்தது சரியா தப்பா, அம்மா?

கவலை வேண்டாம், வேலை போகவில்லை. கம்பளிக் காலுறை இருந்தால் அனுப்புங்கள். உங்கள் நீலப் பாவாடையிலும் ஒரு துண்டு வெட்டி வையுங்கள். தைப்பதற்கு இல்லை. துவைக்காமல் அனுப்புங்கள்.

எஜமானி மணி அடித்துக் கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

ஹல்டா