ரீவியில் பிழை இல்லை, மகன்

யேசு மரி சூசை
பேசாலை

அன்புள்ள மகன் கஜீபனுக்கு அம்மா எழுதுறது. நானும் அப்பாவும் மடு மாதா புண்ணியத்தில எழும்பி நடமாடுறம், நோர்வேக் குளிருக்குள்ள நீயும் மருமகளும் பேத்தி ஜெனிஸ்ராவும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேணும் எண்டு செபமாலையில உங்களுக்கெண்டு ஒரு பத்துமணி எப்பவும் ஒதுக்கி வைச்சிருக்கிறன். போனில கதைக்காமல் ஏன் அம்மா கடுதாசி எழுதுறா எண்டு யோசிப்பாய். போன் எந்த நேரமும் அப்பாவுக்குப் பக்கத்தில, சத்தத்தைக் கூட்டி வைச்சுத்தானே கதைக்கிறவர், அவருக்குக் கேக்கக்கூடாத கதை இது. அதுதான் சின்னம்மா வீட்டில வந்திருந்து எழுதுறன், அவவின்ர மகள் டிலோஜினி தன்ர போனில படம்பிடிச்சு உனக்கு அனுப்புவாள். நான் அஞ்சாம் வகுப்போட நிண்டவள் எண்டாலும் என்ர எழுத்து உனக்கு விளங்கும், உனக்கு அ எழுதப் பழக்கினதே இந்தக் கைதான். முதல் ஒண்டு சொல்லுறன், அப்பா கேட்ட பெரிய ரீவியை வாங்கி அனுப்பிப்போடாத. ரீவியில பிழை இல்லை, லைனிலயும் பிழை இல்லை, அப்பாவின்ர கண்ணிலதான் பிழை.

நீ வாங்கித் தந்த ரீவி வந்த நாளில இருந்து படம் கலங்குது, ஆக்களின்ர முகம் தண்ணிக்குள்ள தெரியிற மாதிரி இருக்கு எண்டு சொல்லிக்கொண்டுதான் இருந்தவர். நானும் நம்பினன், ஏனெண்டா இஞ்ச காத்து எழும்பினா லைன் விட்டு விட்டுத்தான் வரும், படம் நிண்டு சுத்தும், சத்தம் முன்னுக்கு வர வாய் பின்னுக்கு அசையும். டிலோஜினி வந்து ரவுட்டரைத் தூக்கி அலுமாரிக்கு மேல வைச்சாள், எனக்கு நல்லா வந்தது, அவருக்கு வரேல்லை. பிறகு ஒருநாள் அவர் ரிமோட்டில எதையோ அமத்திப்போட்டார், அண்டையில இருந்து படத்துக்குள்ள ஒரு பொம்பிளைக் குரல் வரத் துடங்கிச்சு. அவள் கதவைத் திறக்கிறாள், வெளியே மழை, அவன் தலையைக் குனிகிறான் எண்டு எல்லாத்தையும் சொல்லிக்கொண்டே போகுது. எங்களுக்கு அது புதினமாத் தெரியேல்லை, கூத்தில கட்டியக்காரன் வந்து இப்ப ராசா வாறார் எண்டு சொல்லுறதைப் பாத்து வளந்த ஆக்கள்தானே. இப்பத்தான் இவங்கள் ஒழுங்காப் படம் எடுக்கப் பழகியிருக்கிறாங்கள், பொம்பிளைக் கட்டியக்காரன் எல்லாம் வைச்சிருக்கிறாங்கள் எண்டு அப்பா சொன்னவர். படமும் தெளிவாப் போச்சாம். பக்கத்து வீட்டுக்குக் கேக்கச் சிரிப்பார், நானும் சந்தோசப்பட்டன்.

டிலோஜினி கண்டிட்டு, ஐயோ பெரியம்மா இது கட்டியக்காரன் இல்லை, கண் தெரியாத ஆக்களுக்கெண்டு வைச்ச குரல், இவ்வளவு நாளும் இதோடயா பாத்தனீங்கள் எண்டு விழுந்து விழுந்து சிரிச்சாள், நானும் சிரிச்சன், அவள் அதை நிப்பாட்டிவிட்டாள். அப்பா சிரிக்கேல்லை. அண்டு பின்னேரம் ஒரு படம், தகப்பன் பிள்ளையைத் தேடி ஓடுற இடம், ஒருத்தரும் கதைக்கேல்லை, நான் கண்ணைத் துடைச்சுக்கொண்டு இருக்கிறன், இவர் கேக்கிறார், இஞ்சேர் மாக்கிறட், படம் நிண்டிட்டுதோ, லைன் போயிட்டுதோ எண்டு.

மற்றதெல்லாம் அப்பத்தான் ஒண்டோட ஒண்டு சேந்து வந்தது மகன். போனில முகம் பாத்துக் கதைக்கேக்க ஜெனிஸ்ரா பல்லு விழுந்த வாயைக் காட்டிக்கொண்டு நிக்க அப்பா ஒண்டும் சொல்லாமல் இருந்தவரே, நீ லைன் பிழை எண்டு திரும்பத் திரும்ப எடுத்தாய். போன மாதம் கடலில வலைக்கு அடையாளமா வேற ஆக்கள் மிதக்கவிட்ட கொடியைத் தன்ர கொடி எண்டு நினைச்சு அவங்கட வலையை இழுக்கத் துடங்கி, கரையில பெரிய சண்டை. அவரோட போட்டில போற றொசாந்தன்தான் கையைக் காலைப் பிடிச்சுச் சமாளிச்சவன். அப்பாவைக் கேட்டா, வெயில் கண்ணுக்குள்ள அடிச்சதாம். இண்டைக்கும் கடலுக்குப் போயிட்டார். எதிர வாற போட் தெரியுமோ, கரை தெரியுமோ எண்டு நினைக்க எனக்குச் சோறு இறங்குதில்லை. றொசாந்தனிட்டச் சொன்னா ஊருக்கே தெரிஞ்சிடும், பிறகு ஒருத்தரும் இவரைப் போட்டில ஏத்தமாட்டாங்கள், அந்த மனிசன் உடைஞ்சுபோவார். சொல்லாமல் இருக்கவும் பயமா இருக்கு. கண்ணைக் காட்டுவம் வாங்கோ எண்டு நான் கேட்டதுக்கு, கடலில முத்தின கண்ணடி இது, உனக்கு விசரே எண்டு பேச்சு.

என்ர சொல்லு ஏறாது, நீ சொன்னா ஏறும். பெரிய ரீவி வாங்கக் கண் அளவு கேக்கிறாங்கள் அப்பா, ஆஸ்பத்திரியில கண் டொக்டரிட்டக் காட்டி அளவு எழுதின ஒரு துண்டு எடுத்து அனுப்புங்கோ, அப்பத்தான் கடைக்காரன் எத்தினை அங்குலம் எண்டு சொல்லுவான் எண்டு சொல்லு. வெளிநாட்டில அப்பிடித்தான் எண்டா நம்புவார். பொய்தான், அதைப் பாவசங்கீர்த்தனத்தில நான் சொல்லிக்கொள்ளுறன், உன்ர கணக்கில வராது. டொக்டர் என்ன சொல்லுவாரோ, சுகப்படுத்தக்கூடிய வருத்தமோ இல்லையோ, அதை நினைச்சா ஒரு வேலையும் ஓடுதில்லை. பிந்தாத மகன்.

நேற்று அப்பா முகம் கழுவப் போன நேரம், டிலோஜினியிட்டக் கேட்டுப் பழகின பட்டனை அமத்தி நானே அந்தக் குரலைத் திரும்பப் போட்டுவிட்டன். வந்து கதிரையில இருந்தார், ஆ, இப்பப் படம் நல்ல தெளிவு எண்டார். ஓம், லைன் சரியாப் போச்சு எண்டு நானும் சொன்னன்.

மருமகளைச் சுகம் கேட்டதாச் சொல்லு, வேலை வேலை எண்டு நேரத்துக்குச் சாப்பிடாமல் இருக்கவேண்டாம். மாதா உங்கள் மூண்டு பேரின்ர தலையிலயும் கை வைச்சிருக்கட்டும். ஞாயிறு பூசை முடிய எடுக்கேக்க கண்ணைப் பற்றி வாய் திறக்காத, அப்பாவா ரீவிக் கதை எடுக்கட்டும். ஜெனிஸ்ரா சிரிச்சா, கையை ஆட்டினா, புதுப் பல்லைக் காட்டினா, நீ சும்மா போனைப் பிடிச்சுக்கொண்டு நிக்காத. ஒவ்வொண்டையும் வாயால சொல்லு மகன், கூத்தில கட்டியக்காரன் சொல்லுற மாதிரி.

உன்ர அம்மா
வி. மாக்கிறட்